அமைதி, மழை, வளம்
லெசோத்தோ மலைநாட்டில் பசோத்தோ மக்களின் வாழ்வும் மரபும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தெற்கே, தென்னாப்பிரிக்கக் குடியரசின் நடுவில், கடற்கரையே இல்லாத சிறு நாடொன்று இருக்கின்றது. அதன் நாற்புறமும் சூழ்ந்திருப்பது ஒரே அயல்நாடு. லெசோத்தோ என்பது அந்நாட்டின் பெயர். பரப்பளவு ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை இருபது இலட்சத்திற்குச் சற்று மேல். நாடு முழுவதுமே கடல்மட்டத்திற்கு 1,000 மீட்டருக்கு மேல் அமைந்த தன்னுரிமை நாடு உலகில் இது ஒன்றே. அங்கே மிகத் தாழ்ந்த இடமே 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. மிக உயர்ந்த சிகரமான தபானா நிட்லென்யானா 3,482 மீட்டர். சூன், சூலை மாதங்களில் அம்மலைகளில் பனி பொழிகின்றது.

இந்நாட்டின் மக்களைப் பசோத்தோ என்பர். அவர்களுள் ஒருவரை மட்டும் குறிக்கையில் மொசோத்தோ என்பர். அவர்கள் மொழி செசோத்தோ, நாடு லெசோத்தோ. ஒரே வேர்ச்சொல் முன்னொட்டு மாறி ஆளையும் இனத்தையும் மொழியையும் மண்ணையும் குறிக்கின்றது. எழுத்தில் இவ்வாறு வரினும், அம்மக்களின் நாவில் நாட்டின் பெயர் 'லெசூட்டு' என்றே ஒலிக்கும். நெடுங்காலம் பசூட்டோலாந்து என்னும் பெயரில் ஆங்கிலேயரின் பாதுகாப்பிலிருந்த இந்நாடு 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் விடுதலை பெற்றது.

மலையழகைக் காணவும் குதிரையேறி உலவவும் வெளிநாட்டார் பலர் இங்கு வருகின்றனர். ஆனால் ஒரு நாட்டைக் காண்பது வேறு; அந்நாட்டு மக்களை அறிவது வேறு. அவர்தம் இல்லத்தின் வாயிலில் நிற்கும் பயணி அறிந்திருக்க வேண்டியவை யாவை? அம்மரபுகளின் பின்னே நிற்கும் வாழ்க்கை நெறி யாது? இவற்றை நாம் இங்கே சற்று நோக்குவோம்.

வாயிலில் ஒரு சொல்

லெசோத்தோவின் சிற்றூரொன்றில் நுழையும் பயணி முதலில் கேட்கும் சொல் 'கோட்சோ' என்பதாகும். அமைதி என்பதே இதன் பொருள். ஆண்மகனை 'ன்டாட்டே', அதாவது தந்தையே என்றும், பெண்ணை 'ம்மே', அதாவது தாயே என்றும் அழைத்தே பேசுவர். முன்பின் அறியாதவராயினும் இவ்விளி தவறுவதில்லை. வணங்கிய பின்னர், 'எவ்வாறு வாழ்கின்றீர்?' என்று வினவுவர்; 'நலமே வாழ்கின்றேன், நீவிர் எவ்வாறு வாழ்கின்றீர்?' என்று மறுமொழி கூறுதல் வேண்டும். இந்த நலம் உசாவுதலுக்கு முன்னதாக வழி கேட்பதும் விலை கேட்பதும் பண்பற்ற செயலாகக் கருதப்படும்.

வீட்டின் முன் நின்று 'கோ-கோ' என்று குரல் கொடுத்த பின்னரே உள்ளே செல்வது வழக்கம். கொடுப்பதை ஒற்றைக் கையால் பறிப்பதுபோல் பெறலாகாது. இரு கைகளையும் நீட்டிப் பெறுதல் நன்று. தொலைமலை ஊர்களில் தங்க விரும்புவோர் முதலில் ஊர்த்தலைவரைக் கண்டு இசைவு பெறுவர். தங்குவதற்கு அவர் இசைந்தால், வந்தவர் அவ்வூர் அனைத்திற்கும் விருந்தினர் ஆகின்றார்.

இரவின் மலையும் அதன் மன்னரும்

பசோத்தோ மக்களின் மரபைப் பேசப் புகுவோர் மன்னர் மொஷ்வெஷ்வேயைப் பேசாமல் இருத்தல் இயலாது. இவர் ஏறத்தாழ 1786-ஆம் ஆண்டு குவேனா குலத்தின் ஒரு சிறு தலைவருக்கு மகனாகப் பிறந்தார். இளமையில் அயலார் மந்தையைக் கவர்ந்து வந்தபோது, தாடியை மழிக்கும் கத்தியின் ஒலியைப் பின்பற்றித் தமக்குத் தாமே இப்பெயரைச் சூட்டிக்கொண்டார் என்பர். மந்தை கவர்ந்த இளைஞர் பின்னாளில் அமைதியின் அரசர் ஆனது எப்படி என்பதே லெசோத்தோவின் வரலாறு.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பகுதியெங்கும் பெரும் போர்களும் பஞ்சமும் பரவின. அக்காலத்தை 'லிபகானே' என்பர். ஊர்கள் அழிந்தன, மந்தைகள் கொள்ளை போயின, பசியின் கொடுமையால் மனிதரை மனிதரே உண்ணும் நிலையும் வந்தது. 1824-ஆம் ஆண்டு மொஷ்வெஷ்வே தம் மக்களுடன் நடந்தே சென்று, செங்குத்தான பாறைச் சுவர்கள் சூழ்ந்த தாபா போசியூ என்னும் மேட்டைச் சேர்ந்தார். இரவின் மலை என்பது அப்பெயரின் பொருள். இரவானால் அம்மலை வளர்ந்து பகைவருக்கு எட்டாததாகிவிடும் என்று மக்கள் நம்பினர். எப்படையும் அதனை வென்று கைப்பற்றியதில்லை.

அந்நெடும் பயணத்தில் மன்னரின் முதிய பாட்டனார் பின்தங்கினார். மனிதரை உண்போர் கையில் சிக்கி உயிரிழந்தார். பின்னர் அவர்கள் பிடிபட்டனர். அவர்களைக் கொல்ல வேண்டும் என்று மக்கள் கொதித்தனர். மன்னரோ, தம் பாட்டனார் அவர்களுடைய வயிற்றிலே அடங்கியிருக்கின்றார் என்றும், அவர்கள் அவருடைய கல்லறை ஆகிவிட்டனர் என்றும், கல்லறையை இடிப்பது முறையன்று என்றும் கூறி அவர்களை மன்னித்தார் என்பது பசோத்தோ மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. மன்னித்ததோடு நில்லாமல், அவர்கள் உழுது பிழைக்க வழியும் செய்தார். பசியே அவர்களைக் கொடியவராக்கியது. பசி நீங்கினால் மனிதராவர் என்று அவர் கண்டார்.

பகைவரிடத்தும் அவர் இவ்வாறே நடந்தார். 1831-ஆம் ஆண்டு தாபா போசியூவைத் தாக்கித் தோற்றுத் திரும்பிய ந்டெபேலே படையினருக்கு, வழியில் உண்ணுமாறு மாடுகளை அனுப்பினார். 1852-ஆம் ஆண்டு ஆங்கிலேயத் தளபதி காத்கார்ட்டின் படை பின்வாங்கிய வேளையில், வெற்றியைப் பறைசாற்றாமல், சமாதானம் வேண்டி மடல் விடுத்தார். வறியவர்களுக்கு மாடுகளைக் கடனாகத் தந்து, பாலையும் உழைப்பையும் அவர்கள் பயன்படுத்திக்கொள்ளச் செய்யும் 'மாபீசா' என்னும் பழைய வழக்கத்தைக் கையாண்டு, சிதறிய பல குலத்தாரைத் தம்மிடம் சேர்த்தார். இப்படித் திரண்ட அகதிகளின் கூட்டமே பசோத்தோ இனமாயிற்று.

போயர் எனப்படும் வெள்ளைக் குடியேறிகளுடன் நிகழ்ந்த போர்களில் வளமான சமவெளியின் பெரும்பகுதி பறிபோயிற்று. எஞ்சிய மலைநாட்டைக் காக்க 1868-ஆம் ஆண்டு ஆங்கில அரசின் பாதுகாப்பை அவர் ஏற்றார். 1870-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் மறைந்தார். ஆண்டுதோறும் அந்நாளை நாடே கொண்டாடுகின்றது. தாபா போசியூவின் உச்சியில் அவருடைய எளிய கல்லறையும் பிற அரசர்களின் கல்லறைகளும் உள்ளன. அங்கு ஏறிச் செல்லும் பயணி அது இம்மக்களின் புனித இடம் என்பதை மறத்தலாகாது.

போர்வை உரைக்கும் வாழ்க்கை

லெசோத்தோவில் ஆணும் பெண்ணும் கம்பளிப் போர்வை அணிந்தே நடமாடுவதைக் காணலாம். குளிர் அதற்கு முதற் காரணம். ஆயினும் அது மட்டும் காரணமன்று. ஆண்கள் அதனை வலத்தோளிலும், பெண்கள் மார்பின் முன்னும் ஊசியால் பிணைப்பர். மனித வாழ்வின் ஒவ்வொரு படிக்கும் ஒரு போர்வை உண்டு. பருவமெய்தும் இளைஞனுக்கு ஒன்று, மணமகளுக்கு மற்றொன்று, முதற்குழந்தை பிறந்ததும் கணவன் மனைவிக்கு அளிப்பது வேறொன்று. உயர்வகைப் போர்வையைச் 'செயானமரேனா' என்பர். அதில் மக்காச்சோளக் கதிரின் உருவம் மிகுந்து காணப்படும். அது மக்கட்பேற்றையும் விளைச்சலையும் குறிக்கும். போர்வையில் ஓடும் கோடுகள் உடலில் மேல்நோக்கி நிற்குமாறு அணிவர். அவ்வாறு அணிந்தால் வாழ்வும் மேல்நோக்கி வளரும் என்பது நம்பிக்கை.

ஈண்டு ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். இப்போர்வை பசோத்தோ மக்கள் தாமே நெய்ததன்று. முன்பு அவர்கள் விலங்குத் தோலையே போர்த்தினர். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர் கம்பளியைக் கொண்டு வந்தனர். இன்றும் இப்போர்வைகள் எல்லைக்கு அப்பால் தென்னாப்பிரிக்க ஆலைகளில் நெய்யப்படுகின்றன. குதிரையும் அவ்வாறே வெளியிலிருந்து வந்தது. ஆனால் மலைப்பாதைக்கேற்பப் பழகி, உரம்பெற்று, பசோத்தோ மட்டக்குதிரை என்னும் புகழ்பெற்ற இனமாயிற்று. நீலநிற அச்சுத்துணியும் கடல்கடந்து வந்ததே. இன்று அது மன்னரின் பெயரையே தாங்கி 'ஷ்வெஷ்வே' என வழங்குகின்றது. வந்த பொருளுக்குத் தம் பொருளை ஏற்றித் தமதாக்கிக்கொள்வது இம்மக்களின் தனித்திறன் எனலாம்.

எனவே போர்வையை வாங்கும் பயணி அதனை வெறும் அலங்காரப் பொருளாகக் கருதலாகாது. 2017-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆடை நிறுவனமொன்று இப்போர்வையின் உருவங்களைத் தன் விலையுயர்ந்த உடைகளில் பயன்படுத்தியபோது, ஓர் இனத்தின் அடையாளத்தைப் பிறர் விற்கலாமா என்ற கேள்வி பரவலாக எழுந்தது. அக்கேள்விக்கு எளிய விடை இல்லை. ஆனால் கேள்வியே நமக்கு ஒரு பாடமாகும்.

தொப்பியும் இல்லமும்

தாபா போசியூவிற்கு அருகே கீலோவானே என்னும் கூம்புவடிவக் குன்று நிற்கின்றது. அதன் வடிவத்தைப் பின்பற்றியே, 'மொகோரோட்லோ' என்னும் புல்லால் பின்னிய தொப்பி உருவாயிற்று என்பர். 2006-ஆம் ஆண்டு, விடுதலையின் நாற்பதாம் ஆண்டு நிறைவில் ஏற்றப்பட்ட புதிய கொடியின் நடுவே இத்தொப்பியே கருநிறத்தில் விளங்குகின்றது. கொடியின் நீலம் மழையையும், வெண்மை அமைதியையும், பசுமை வளத்தையும் உணர்த்தும். 'கோட்சோ, பூலா, நாலா' என்னும் நாட்டின் குறிமொழியும் அதுவே: அமைதி, மழை, வளம்.

சிற்றூர்களில் கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பி, புல் வேய்ந்த வட்டவடிவ இல்லங்களைக் காணலாம். மண்ணும் சாணமும் குழைத்துப் பூசிய ஈரச்சுவரில் பெண்கள் விரலாலும் முள்கரண்டியாலும் கீறி, 'லிடேமா' என்னும் ஓவியங்களை வரைவர். உழுத வயலின் சால்களைப் போல் அவை வரிவரியாக ஓடும். அப்பெயரும் உழவைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. மழை பெய்தால் ஓவியம் கரைந்து போகும். மழையோ அவர்கள் வேண்டிப் பெறும் வரம். ஆகவே அழிவை எண்ணி வருந்தாமல் மீண்டும் வரைவர்.

தலைநகர் மசேருவிலிருந்து செல்லத்தக்க தொலைவில் கோமே குகை இல்லங்கள் உள்ளன. லிபகானே காலத்தில் மனிதரை உண்போருக்கு அஞ்சிய குடும்பங்கள் பெரும்பாறை ஒன்றின் கீழே மண்வீடுகள் எழுப்பி ஒளிந்து வாழ்ந்தன. அவர்களின் வழிவந்தோர் அவற்றில் தொடர்ந்து குடியிருந்து வந்துள்ளனர். அது காட்சிச்சாலையன்று, ஒருவர் வீடு என்று எண்ணிக் காண்பதே முறை.

குடும்ப வழக்கங்கள்

பசோத்தோ மக்கள் தம் குலங்களை விலங்குகளின் பெயரால் அறிவர். அரச குலமாகிய குவேனா முதலையைத் தன் அடையாளமாகக் கொண்டுள்ளது. டாவுங் குலத்துக்குச் சிங்கம். திருமணத்தின்போது மணமகன் வீட்டார் மணமகளின் வீட்டாருக்குக் கால்நடைகளை அளிப்பர். இதனைப் 'போகாலி' என்பர். பழைய அளவின்படி இருபது மாடுகளும் பத்து ஆடுகளும் ஒரு குதிரையும் அளிக்கப்படும்; இக்காலத்தில் பணமாகவும் தருகின்றனர். பெண்ணை விலைக்கு வாங்குவதாக அயலார் இதனைத் தவறாகக் கருதியதுண்டு. உண்மையில் இரு குடும்பங்களைப் பிணைக்கும் உடன்படிக்கையாகவே அவர்கள் இதனை மதிக்கின்றனர். ஆயினும் வறியோர்க்கு இது பெருஞ்சுமையாவதும் உண்மையே.

மணமாகி வந்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டார் புதுப்பெயர் சூட்டுவர். பிறக்கவிருக்கும் குழந்தைக்கு ஒரு பெயரைக் குறித்து, 'இன்னாரின் தாய்' என்றே அவளை அழைப்பர். கருவாகும் முன்னரே குழந்தைக்கு அவ்வில்லத்தில் இடம் உண்டு என்பது இதன் உட்பொருள். 'மனிதர் மனிதராவது மனிதராலேயே' என்பது அவர்கள் பழமொழி. தனி ஒருவர் வாழ்வென்பது அங்கு இல்லை. உழவிலும் அறுவடையிலும் ஊரார் கூடி ஒருவர் நிலத்தில் உழைக்கும் வழக்கத்தை 'லேட்சேமா' என்பர். ஊர்ச்செய்தியைக் கூடிப் பேசும் அவையைப் 'பிட்சோ' என்பர்.

இளைஞர்க்கு ஊருக்கு வெளியே மலையில் தனித்து நிகழும் பருவச் சடங்குப் பள்ளி ஒன்றுண்டு. அங்கு நிகழ்வன மறைபொருள். மறைப்பணியாளர் பலர் அதனை எதிர்த்தனர். மக்கள் பலர் இன்றும் கைவிடவில்லை. வழியில் அத்தகைய இளைஞர் கூட்டத்தைக் கண்டால் நெருங்காமலும் படம் எடுக்காமலும் விலகிச் செல்வதே பயணியின் கடமை.

உணவும் இசையும்

மக்காச்சோள மாவைக் கெட்டியாகக் கிளறிய 'பாபா'வும், அரிந்து வேகவைத்த கீரையும் அன்றாட உணவு. சோள மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சும் கஞ்சியும் உண்டு. வழியோர வீடுகளில் கம்பத்தில் பறக்கும் சிறு கொடிகள் விற்பனைப் பொருளை அறிவிக்கும்: வெண்கொடி சோள மதுவையும், செங்கொடி இறைச்சியையும், பச்சைக்கொடி காய்கறியையும் குறிக்கும்.

மாடு மேய்க்கும் சிறுவர்கள் 'லெசிபா' என்னும் கருவியை இசைப்பர். கழியில் நாண் கட்டி, அதன் முனையில் பறவையின் இறகுத்தண்டைப் பொருத்தி, வாயினால் ஊதியும் உறிஞ்சியும் ஒலி எழுப்புவர். நரம்புக் கருவியும் காற்றுக் கருவியும் ஒன்றான அரிய அமைப்பு இது. பெண்கள் முழந்தாளிட்டுத் தோள்களை அசைத்து 'மொகீபோ' ஆடுவர்; ஆண்கள் வரிசையாக நின்று காலை ஓங்கி மிதித்து 'மொகோபேலோ' ஆடுவர்.

நற்செய்தி வந்த வழி

தம் மக்களுக்குக் கல்வியும் அறிவுரையும் தரத்தக்க மறைப்பணியாளரை மொஷ்வெஷ்வே மன்னரே விரும்பி அழைத்தார். 1833-ஆம் ஆண்டு பாரிசிலிருந்து சீர்திருத்த சபையார் வந்தனர். மொரீஜா என்னுமிடத்தில் அவர்கள் நிறுவிய அச்சகம் செசோத்தோ மொழிக்குப் பெருந்தொண்டாற்றியது. தாமஸ் மொபோலோவின் புகழ்பெற்ற 'சாக்கா' என்னும் புதினம் 1925-இல் அங்கிருந்தே வெளிவந்தது.

1862-ஆம் ஆண்டு அமலமரித் தியாகிகள் சபையின் ஆயர் ஆலாரும் அருட்தந்தை ஜோசப் ஜெராரும் வந்தனர். நேட்டாலில் சூலு மக்களிடையே பல ஆண்டுகள் உழைத்தும் பலன் காணாதவர் ஜெரார். மன்னர் இடமளிக்க, ரோமா என்று இன்று வழங்கும் பள்ளத்தாக்கில் இறையன்னையின் பெயரால் பணித்தளம் அமைந்தது. 1865-இல் திருக்குடும்ப அருட்கன்னியரும் வந்து சேர்ந்தனர். இதே துறவியர் சபையினர் 1847-இலேயே யாழ்ப்பாணத்திற்கும், இதே அருட்கன்னியர் 1862-இல் அங்கேயும் வந்து பணியாற்றத் தொடங்கியவர்கள் என்பதை நம் வாசகர் பலர் அறிவர். மலைநாட்டின் பசோத்தோவும் கடலோரத் தமிழரும் ஒரே கைகளால் திருமுழுக்குப் பெற்றவர் ஆகின்றனர்.

ஜெரார் அடிகளார் செசோத்தோவைக் கற்று, குதிரையேறி மலைதோறும் நோயாளரைத் தேடிச் சென்றார். முதுமையிலும் அப்பணியை விடவில்லை. 1914-இல் ரோமாவில் இறந்தார். 1988-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் லெசோத்தோவிற்கே வந்து அவரை அருளாளராக உயர்த்தினார். 2016-இல் அந்நாட்டின் ஆயர் செபாஸ்டியன் கோட்டோ க்வாராய் முதல் பசோத்தோ கர்தினாலானார். ரோமாவில் 1945-இல் தொடங்கிய கத்தோலிக்கக் கல்லூரியே இன்றைய தேசியப் பல்கலைக்கழகத்திற்கு வித்தாயிற்று. ஆனால் மொஷ்வெஷ்வே மன்னரோ, இரு சபையாரையும் ஆதரித்தும், திருமுழுக்குப் பெறாமலே கண்மூடினார். பகைவரை மன்னிக்கும் நெறியை எந்த மறைநூலையும் அறியுமுன்னரே கடைப்பிடித்தவர் அவர் என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

அழகின் பின்னே அல்லல்

மரபின் அழகை மட்டும் கண்டு திரும்பினால் நம் பார்வை குறையுடையதாகும். மேய்ச்சல் மலையில் லெசிபா இசைக்கும் சிறுவன் பள்ளிக்குச் செல்லாத சிறுவன் என்பதை மறக்கலாமா? ஐந்தாறு வயதிலேயே மந்தையோடு அனுப்பப்படும் பிள்ளைகள் பலர். இதனால் லெசோத்தோவில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக எழுத்தறிவு பெற்றுள்ளனர். 2000-ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி படிப்படியாக இலவசமாயிற்று. 2010-இல் அது சட்டப்படி கட்டாயமுமாயிற்று. எனினும் மந்தையை யார் காப்பது என்னும் வறியோரின் வினாவிற்குச் சட்டம் விடை தரவில்லை.

1980-களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆடவர் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உழைத்தனர். ஆண்டின் பெரும்பகுதி தந்தையற்ற வீடுகளாக அவை இருந்தன. வழிநடையில் தம் துயரைப் பாடிய அவர்களின் பாடல்கள் தனி இலக்கியமாகவே வளர்ந்தன. பின்னர்ச் சுரங்க வேலை குறைந்தது. வறுமை வீடு திரும்பியது. வயது வந்தோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் எய்ட்சு நோய்க்கிருமியைத் தாங்கி வாழும் நாடு இது. பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார் அங்கு ஏராளம்.

வேண்டிப் பெற்ற மழையும் இன்று ஏற்றுமதிப் பொருள். 1986-இல் தென்னாப்பிரிக்காவுடன் செய்த உடன்படிக்கையின்படி எழுந்த காட்சே அணை 185 மீட்டர் உயரமுடையது. மலைநீர் சுரங்கவழியே அண்டை நாட்டின் தொழில் நகரங்களுக்குப் பாய்கின்றது. நாட்டிற்கு அதனால் வருவாய் உண்டு. நிலத்தையும் மேய்ச்சலையும் இழந்த சிற்றூரார்க்கோ வளம் இன்னும் தொலைவிலேயே நிற்கின்றது.

ஆகவே அங்குச் செல்லும் பயணி இரண்டு கடன்களை உடையவர். வணக்கத்தோடு நுழைதல் ஒன்று. தாம் செலவிடும் பணம் குதிரை நடத்தும் ஊராருக்கும், கம்பளம் நெய்யும் பெண்களுக்கும், தொப்பி பின்னும் முதியோர்க்கும் நேரே சென்று சேருமாறு பார்த்துக்கொள்ளுதல் மற்றொன்று. அதனினும் மேலான கடன் அங்குச் செல்லாத நமக்கும் உண்டு. நம் வீட்டுப் பகைகளையும் ஊர்ப் பகைகளையும் நாம் எவ்வாறு தீர்க்கின்றோம்? பாட்டனைக் கொன்றவரையே மன்னித்து, உழுது வாழ வழிசெய்த ஒருவரால் ஓர் இனமே பிறந்தது. மன்னிப்பால் ஒரு நாடே உருவாகுமெனில், ஒரு குடும்பம் உருவாகாதா?

கோட்சோ! அமைதி நம் இல்லங்களிலும் நிலவுவதாக.